லயத்துக்குப் பின்னால் பதினாலு சிலுவைகள்

கல்லுமேட்டு லயம்,
சித்திரபுரம் தபால்.
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தங்கச்சி நிமிக்கு,

அக்கா சகாயம் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே அப்பா, உன் அத்தான், மகள் யோகப்பிரியா, நான் எல்லாரும் சுகம். அப்பாவின் இருமல் மழையோடு வந்தது, மழையோடு போகும். கொழிஞ்சாம்பாறை வெயில் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? கன்னியர் மடத்தில் ஃபோன் கூடாது என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. தேயிலைக் கொழுந்துக் கத்தரி பிடிக்கிற கை இது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. கடிதங்களை மதர் வாசித்த பிறகுதான் உங்களிடம் தருவார்களாமே. மதர் அவர்களுக்கும் என் வணக்கம்.

ஒரு புதுச் செய்தி கேள். நம் லயத்துக்குப் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதையை பஞ்சாயத்து மெம்பர் மோகனசுந்தரம் சுதந்திர தினத்தன்று ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். அது இனிமேல் ட்ரெக்கிங் பாதையாம். நீல போர்டு வைத்திருக்கிறார்கள். நீயும் நானும் விறகுக்கட்டோடு வழுக்கி விழுந்த பாதைக்கு ரிப்பன்! டூரிஸ்ட்டுகள் கீழ் ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்கி, நம் லயத்தின் முதுகை உரசிக்கொண்டு நடந்து, பாறைமேட்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். உன் அத்தான் ஜீப்புக்கு ஓட்டம் கூடியிருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் தோட்டத்துக்காரர்கள் பத்து வீட்டை ஒட்டிக் கட்டின நம் லயத்து அமைப்பு உனக்குத் தெரியும். முன்பக்கம் வேலைக்குப் புறப்பட மட்டும்தான். குளிக்கிற மறைப்பு, தண்ணீர்க் குழாய், துணிக்கொடி, அடுப்படிக் கதவு எல்லாம் பின்பக்கம். பத்து வீட்டுப் பெண்களும் அங்கேதான் இருக்கிறோம். இப்போது பாத்திரம் விளக்க உட்கார்ந்தால் நாலு பேர் நின்று பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அக்கா நேற்று ஒருவனிடம், "ஏன்யா, ஒங்க ஊர்ல சட்டி கழுவமாட்டாகளா?" என்று கேட்டே விட்டாள்.

யோகா எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். முடி மட்டும் அப்படியே சித்தி முடி. சனிக்கிழமை குழாயடியில் அலசிவிட எனக்கு இடுப்பு ஒடிகிறது.

எங்களுக்காக வேண்டிக்கொள்.
உன் அக்கா,
சகாயம்


நவதுறவியர் இல்லம்,
கொழிஞ்சாம்பாறை.
6 செப்டம்பர் 2024

இயேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இங்கே நான் சுகம். நம் மலைக்குளிரை நினைத்தால்தான் கண் கலங்குகிறது. சமையல்கார அக்கா தினமும், "ஏனுங்க சிஸ்டரு, உங்க ஊட்டுல எல்லாருஞ் சவுக்கியமுங்களா?" என்று கேட்பார். நம் ஊரில் தண்ணீர் கேட்டாலே சண்டைக்கு வருவதுபோல் இருக்கும். இங்கே சண்டையே மரியாதையாகத்தான் போடுவார்கள் போல.

பாதை விஷயம் படித்தேன். வருகிறவர்களும் ஆண்டவருடைய பிள்ளைகள்தானே அக்கா? புன்னகையோடு சொன்னால் கேட்பார்கள். மெம்பரிடமும் கோபப்படாமல் பேசு. உனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது ஊரறிந்தது. யோகாவை எனக்கு ஒரு வரி எழுதச் சொல். அப்பாவுக்கு மிளகுக் கஷாயம் கொடு.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்,
நிமி


கல்லுமேட்டு லயம்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள நிமி,

நாங்கள் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

நீ சொன்னபடி புன்னகை செய்து பார்த்தேன். புன்னகையையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சாக்கை விரித்துத் தட்டி கட்டினோம். உள்ளே என்ன இருக்கிறது என்று விலக்கிப் பார்த்தார்கள். பெண்கள் எல்லாரும் சேர்ந்து மெம்பரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் வழவழா கொழகொழா. பொதுப்பாதையில் யாரையும் நடக்காதே என்று சொல்ல முடியாது, உங்கள் வீட்டுக்காரருக்கும் அதில்தானே பிழைப்பு என்றார். உன் அத்தான் ஷைஜுவும் அங்கேதான் நின்றார். ஜீப் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் விடப்போவதில்லை. மறுபடியும் போவேன்.

யோகாவுக்கு வீட்டுப்பாடம் அதிகம், பிறகு எழுதுவாள். முடியை வெட்டிக்கொண்டுவிட்டாள். சூடாக இருக்கிறதாம்.

அன்புடன்,
சகாயம்


கொழிஞ்சாம்பாறை
12 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நான் நலம். அப்பா இருமல் குறைந்ததா?

நம் மலையில் எந்தச் சூடு அக்கா? அங்கே சித்திரை மாதமே கம்பளி போர்த்துவோம். அவள் முடியை அவள் எப்படிக் காப்பாற்றுவாள் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் வைக்கும்போது என்னைக்கூடத் தொட விடமாட்டாள். என்ன நடந்தது? எழுது.

பாதைக்கு ஒரு யோசனை. நம் லயத்தில் சிலுவைப்பாதைக்கு நிரந்தரமான இடம் கிடையாது. தவக்காலத்தில் காகிதப் படத்தைச் சுவரில் ஒட்டித்தான் செய்வோம். பின்பாதையில், ஆண்டவர் பாடுகளின் ஸ்தலத்துக்கு ஒன்றாக, பதினாலு மரச்சிலுவை நட்டால் என்ன? பங்குச் சாமியார் வந்து ஆசீர்வதித்தால் அது கோயில் மாதிரி ஆகிவிடும். ஆண்டவர் நிற்கிற இடத்தில் எவன் எட்டிப் பார்ப்பான்? தலை குனிந்து போய்விடுவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்திலும், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலும் எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை. நீ எழுதினால் பத்திரமாக எடுத்துவைத்துப் பெருநாளன்று தருவார்கள்.

அன்பு மறவாத,
நிமி


கல்லுமேட்டு லயம்
17 நவம்பர் 2024

அன்புள்ள சிஸ்டரம்மாவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம்.

உன் யோசனையைப் படித்ததும், படித்த பிள்ளை படித்த பிள்ளைதான் என்று அப்பா சொன்னார். அன்றே கிராண்டிஸ் தைல மரத்தில் செதுக்க உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து மானேஜரிடம் கேட்டோம். கான்கிரீட் கூடாது, வெறும் மரம் ஊன்றிக்கொள்ளுங்கள், எப்போது சொன்னாலும் பிடுங்கிவிட வேண்டும் என்றார். கல்லறைத் திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். முத்துப்பேச்சி அக்கா வீட்டில் மாரியம்மன் படம்தான் இருக்கிறது, உனக்குத் தெரியும். அவளே இரண்டு குழி தோண்டினாள். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, காவலுக்கு நின்றால் போதும் என்கிறாள்.

வரிசையாகச் சிலுவைகள் நிற்பதைப் பார்த்தபோது அழுகை வந்தது. இரண்டு வாரம் லயத்தின் பின்பக்கம் அமைதியாக இருந்தது. துணியைக் கொடியில் பயமில்லாமல் காயப்போட்டோம்.

யோகா நலம்.

சகாயம்


கல்லுமேட்டு லயம்
20 டிசம்பர் 2024

அன்புள்ள நிமிக்குப் பாலன் பிறப்பு வாழ்த்துகள்.

நாங்கள் சுகம். சிலுவைகள் அழகாக இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அப்பா உனக்கு ஆசீர் சொல்லச் சொன்னார்.

சகாயம்


கொழிஞ்சாம்பாறை
6 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

பெருநாள் நன்றாக நடந்தது. உன் வாழ்த்து எனக்குக் கிறிஸ்துமஸ் அன்று கிடைத்தது. அன்றிலிருந்து ஒரே கேள்வி மனதில் ஓடுகிறது. வருகிறவர்கள் என்றால் யார்? அமைதியாக இருந்த பாதைக்கு யார் வருகிறார்கள்?

நாலு மாதமாக யோகாவின் கையெழுத்தை நான் பார்க்கவில்லை. அவள் நலம் என்று எழுதுகிறாய். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நீ அடுப்பில் பால் பொங்கியதைக்கூட அரைப் பக்கம் எழுதுகிறவள். மகளைப் பற்றி ஒரே சொல்லோடு நிறுத்துகிறாய் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. மதர் வாசிப்பார்களே என்று மறைக்கிறாயா? இந்தக் கடிதத்தைத் திறந்தே அவர்களிடம் கொடுத்து, என் சந்தேகத்தைச் சொன்னேன். கீழே அவர்கள் கையால் எழுதியிருக்கிறார்கள்.

நிமி

அன்புள்ள சகாயம், இனி நீங்கள் நிமிக்கு எழுதுவதை நான் திறக்க மாட்டேன். வாசிக்கும்படி நீங்களே கேட்டால் மட்டும் வாசிப்பேன். உங்கள் மகளுக்காக இங்கே ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியிருக்கிறோம். — மதர்


கல்லுமேட்டு லயம்
26 ஜனவரி 2025

அன்புள்ள நிமி,

சுகம் விசாரிக்க இன்று மனம் இல்லை. மதரும் இதை வாசிக்கட்டும். இனி எதையும் மறைக்க மாட்டேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. யோகா குழாயடியில் தலைக்குக் குளித்துவிட்டு, முடியை முன்னால் போட்டு உதறி உலர்த்திக்கொண்டிருந்தாள். யாரோ பாதையில் நின்று படம் பிடித்து, பாட்டும் சேர்த்து, மலையழகி என்று பேர் வைத்து நெட்டில் போட்டுவிட்டான். ஊரே பார்த்தது. எங்களுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பையன்கள் அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். வந்தாள், பையை வைத்தாள், என் கொழுந்துக் கத்தரியை எடுத்தாள். நான் வேலை முடிந்து வரும்போது முடி குழாயடியில் கிடந்தது. அதை அள்ளும்போது நான் அழுத அழுகையை லயமே கேட்டது.

அதிலிருந்து அவள் பின்கதவைத் திறப்பதில்லை. அடுப்படி மூலையில், கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் போகிறாள். நான் வேலைக்குப் போகிற நாளில் வயிற்றுவலி என்கிறாள்.

உன் அத்தான் தேடிப்பிடித்து அந்தப் பையனிடம் ஃபோனில் பேசினார். நல்லபடியாகத்தானே போட்டேன் அண்ணா, எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது பாருங்கள் என்றானாம். போலீசில் சொல்வேன் என்றதும் வீடியோவை நீக்கிவிட்டான். அதற்குள் எத்தனை பேர் எடுத்து வைத்துக்கொண்டார்களோ. அந்தப் பையன் உன் அத்தான் ஜீப்பில் வந்தவன்தான். வீடியோவின் தொடக்கத்தில் ஜீப்பின் பேர் தெரிகிறது. 'யோகா' என்றுதானே எழுதியிருக்கிறோம். அவள் பிறந்த வருஷம் எழுதின எழுத்து. அன்றிலிருந்து அந்த மனுஷன் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை.

சிலுவை விஷயத்தை ஏன் மறைத்தேன் தெரியுமா? அது உன் யோசனை. நீ மனம் நொந்துபோவாய். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான், வேறென்ன சொல்ல. இரண்டு வாரம்தான் பயந்தார்கள். பிறகு சிலுவையைக் கட்டிக்கொண்டு ஃபோட்டோ, பனிமூட்டத்தில் சிலுவை ஃபோட்டோ. ஃபோன் மேப்பில் இந்தப் பாதைக்குப் பேரே குருசுவழி ஆகிவிட்டது, மலையாளத்தில் சிலுவைவழி. சிலுவையைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தப்பாது என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். முன்பு நடந்து போனவர்கள் இப்போது ஒவ்வொரு ஸ்தலத்திலும் நிற்கிறார்கள். ஆறாம் ஸ்தலம் சரியாக நம் குழாயடியில்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பதினாலையும் பிடுங்கி அடுப்பில் வைக்கப்போகிறேன். பாவம் என்றால் அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும்.

சகாயம்


கொழிஞ்சாம்பாறை
4 பிப்ரவரி 2025

என் அக்காவுக்கு,

அழுதேன். அதை எழுதித்தான் ஆக வேண்டும். மதரும் உன் கடிதத்தை வாசித்தார்கள்.

எரிக்காதே அக்கா. என் யோசனை தப்பாகிப்போனது. சிலுவையைப் பார்த்து ஆள் ஒதுங்குவான் என்று நினைத்தேன். ஆள் அதன் பின்னாலேயே வருகிறான். அப்படியே இருக்கட்டும். சிலுவை போகிற இடத்துக்குத்தானே அவர்கள் வருகிறார்கள்? அப்படியானால் சிலுவையை நம் வீட்டுக்குப் பின்னாலிருந்து தூக்கிக்கொண்டு போ.

மேலே கிராண்டிஸ் காட்டோரம் நாம் விறகுக்குப் போகிற வழி இருக்கிறதே, அதுவும் பாறைமேட்டுக்குத்தானே ஏறுகிறது? அங்கிருந்து பார்த்தால் லயத்தின் கூரைத்தகரம்தான் தெரியும், ஆள் முகம் தெரியாது. ஆசீர்வாதம் போய்விடுமோ என்று பயப்படாதே. மதரிடம் கேட்டேன். ஆசீர்வாதம் மரச்சிலுவைக்குத்தான், அது நிற்கிற மண்ணுக்கு இல்லை என்றார்கள். எங்கே ஊன்றினாலும் அது ஸ்தலம்தான்.

மார்ச் ஐந்து சாம்பல் புதன். அதன்பிறகு ஈஸ்டர் வரை என்னிடமிருந்து எழுத்து வராது. அது வரைக்கும் நீ விடக்கூடாது. யோகாவைக் கட்டாயப்படுத்தாதே. ஆனால் எல்லாவற்றையும் அவள் காதில் விழும்படி பேசு.

உன்,
நிமி


கல்லுமேட்டு லயம்
1 மார்ச் 2025

அன்புள்ள நிமி,

தவக்காலக் கதவு சாத்துமுன் இது உன் கைக்கு வர வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். அப்பா சுகம். நாங்களும்.

நேற்று குழாயடியில் லயத்துக் கூட்டம். மானேஜர் மேல் வழிக்குச் சரி என்றுவிட்டார், தேயிலையை மிதிக்காமல் இருந்தால் போதுமாம். மெம்பர்தான் தயங்கினார். மேல் வழி சுற்று, அட்டை கடிக்கும், புதர் மண்டிக் கிடக்கிறது, அதில் யார் நடப்பார்கள் என்று கேட்டார். முத்துப்பேச்சி அக்கா எழுந்தாள். "நாங்க நடந்துதான அது வழியாச்சு மெம்பரே. இன்னமும் நடக்கோம். காடு எத்தன நாளைக்குப் புதரா கெடக்கும்னு பாப்போம்."

ஜீப் டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். ஏற்றம் என்றால் ஆள் வரமாட்டான், ஓட்டம் போய்விடும் என்றார்கள். அப்போது உன் அத்தான் பேசினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

"அவன் என் வண்டியிலதான் வந்தான். எம்பிள்ள பேரு எழுதின வண்டி. நாந்தான் கைகாட்டி, அதோ அந்த வழின்னு அனுப்பிவிட்டேன். இனி லயத்துக்குப் பின்னால போற ஒருத்தனையும் ஏத்தமாட்டேன். வண்டி சும்மா நின்னாலும் சரி."

அடுப்படிக்குள்ளே யோகா இருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும்.

முடிவு இதுதான். தவக்காலத்து வெள்ளி ஒவ்வொன்றுக்கும் மேல் வழியில் சிலுவைப்பாதை. வெள்ளிக்கு இரண்டு சிலுவையாகக் கீழிருந்து பிடுங்கி மேலே நடுவது. பெரிய வெள்ளியன்று கடைசி இரண்டும் ஏறிவிடும். ஆண்கள் புதர் வெட்டுவார்கள். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் இருக்கிறது. நான் சொன்னால் சொன்னதுதான், நீ அங்கே நிம்மதியாக ஜெபம் பண்ணு.

அக்கா,
சகாயம்


கல்லுமேட்டு லயம்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள சித்திக்கு,

யோகப்பிரியா எழுதுவது. ஈஸ்டர் வாழ்த்துகள். தாத்தா, அப்பா, அம்மா, நான் எல்லாரும் சுகம். நீங்களும் மதரும் சுகமா? இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியாது. அம்மா, தானே எழுதுவதாகத்தான் சொன்னாள். நான்தான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

முதல் இரண்டு வெள்ளியும் நான் போகவில்லை. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். அம்மா ஒரு சிலுவையைத் தோளில் வைத்து ஏறும்போது விழுந்துவிட்டாள். எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, ஆண்டவரே மூணு தடவை விழுந்தாரு, நான் ஒரு தடவைதான் என்று சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் வெள்ளி ஆறாம் ஸ்தலத்தின் முறை. எங்கள் குழாயடியில் நின்ற சிலுவை. அதை வேறு யாரும் பிடுங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. பின்கதவைத் திறந்தேன். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். முத்துப்பேச்சிப் பெரியம்மா மட்டும், "வாட்டி, அந்த அடியப் பிடி, ஈரமண்ணு, லேசா வந்துரும்" என்றாள். அவ்வளவுதான். நானே பிடுங்கினேன், நானே சுமந்தேன்.

மேலே அதை ஊன்றிய பிறகு, அந்த ஸ்தலத்து ஜெபத்தை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். வெரோணிக்காள் ஆண்டவர் முகத்தைத் துடைக்கத்தான் போனாள் சித்தி. படம் எடுக்கப் போகவில்லை. அவர்தான் தன் முகத்தை அவள் துணியில் பதித்துக் கொடுத்தார். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். அம்மா முழங்காலிட்டபடியே என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் வெள்ளிக்குள் டூரிஸ்ட்டுகள் மேலே போக ஆரம்பித்துவிட்டார்கள். சிலுவையைத் தேடி வருகிறவர்களுக்குக் கீழே நாலுதானே மிச்சம். அப்பாவின் ஜீப் ஒரு மாதம் பாதி நாள் சும்மா நின்றது. இப்போது மறுபடியும் ஓடுகிறது. மெம்பர் நீல போர்டை மேல் வழிக்கு மாற்றிவிட்டார். தன் யோசனை என்று சொல்லிக்கொள்கிறாராம். சொல்லிக்கொண்டு போகட்டும் என்கிறாள் அம்மா. கீழ்ப்பாதையில் இப்போது எங்கள் கோழிகள்தான் நடக்கின்றன.

பள்ளிக்கூடம் லீவு விடும் வரை ஒரு பையன் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டுதான் இருந்தான். பாடட்டும். அவன் பேரை டீச்சரிடம் நானே சொல்லிவிட்டேன்.

முடி கழுத்தைத் தொட்டுவிட்டது. நேற்று சனிக்கிழமை, நல்ல வெயில். குழாயடியில் அம்மா தலை அலசிவிட்டாள். அங்கேயே நின்று உலர்த்தினேன். மேலே காட்டோரத்தில், எறும்பு அளவில், யாரோ நின்று கை ஆட்டினார்கள். அந்தத் தூரத்துக்கு நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அவர்கள் முகம் தெரியவில்லை.

நானும் கை ஆட்டினேன்.

நீங்கள் சிஸ்டராகும் வார்த்தைப்பாட்டுத் திருப்பலிக்கு நாங்கள் எல்லாரும் வருகிறோம். அப்பா ஜீப்பிலேயே வருகிறோம்.

அன்பு மகள்,
யோகப்பிரியா